மேற்படி, பக்கம் 64

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே அலுத்துப்போயிருக்கும். எழுதியவர் யாரோ, படிக்கப் போகிறவர் யாரோ. நடுவில் உட்கார்ந்துகொண்டு அடிக்குறிப்பில் காற்புள்ளி இருக்கிறதா, பக்க எண் இருக்கிறதா என்று பார்ப்பதற்கா இவ்வளவு படித்தோம் என்று நினைப்பீர்கள். அறுபதுகளில், பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு சமூக ஆய்வுக் காலாண்டிதழுக்கு உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. அந்த நினைப்போடேயே வேலை பார்த்ததுதான் தப்பு.

காற்புள்ளியை எங்கே போடுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்கள் மேஜை மேல் விதிப் புத்தகம் இருக்கிறது. ஒரே ஒரு அடிக்குறிப்பைச் சேர்த்து, முன்பின் பார்த்தறியாத ஒரு பெண்ணின் பிழைப்பில் நான் மண்ணள்ளிப் போட்ட கதையைச் சொல்கிறேன்.

எங்களுடையது ஆங்கில இதழ். ஒரே நூலை அடுத்தடுத்த குறிப்புகளில் சுட்ட வேண்டி வந்தால், இரண்டாவது தடவை ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் திரும்ப எழுதாமல் 'இபிட்' என்று போட்டுப் பக்க எண்ணை மட்டும் கொடுப்போம். பெரிய விஷயமில்லை, நம்முடைய பத்திரங்களில் வருகிற 'மேற்படி'தான் அது. எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு. மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் யார் பெயரைச் சொல்லப் பிடிக்கவில்லையோ அவர் மேற்படி. பக்கத்துப் போர்ஷன் மாமா ஓசிப் பேப்பருக்கு வந்து நின்றால், "மேற்படி வந்தாச்சு" என்று அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். பெயரைச் சொல்லாமல் ஆளைக் காட்டிவிடலாம், எவ்வளவு வசதி!

எங்கள் இதழின் ஆசிரியருக்கும் அந்த வசதி தேவைப்பட்டது. ஓய்வு பெற்ற மராத்திப் பேராசிரியர் அவர், மரியாதை பார்க்கிற மனிதர். யாரையாவது குறை சொல்லும் இடத்தில், கட்டுரைக்குள் அவர் பெயர் வரக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். 'ஓர் ஆய்வாளர்' என்று எழுதினால் போதும். அது யார் என்று தெரிந்தே ஆக வேண்டியவர்கள் பக்கத்தின் அடியில் பார்த்துக்கொள்ளட்டும் என்பார். பண்பான ஏற்பாடுதான். அடிக்குறிப்பு இடம் மாறினால் அடியும் ஆள் மாறி விழும் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த இதழுக்குப் புனாவிலிருந்து ஒரு பெரியவர் கட்டுரை அனுப்பியிருந்தார். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கைகால்களில் வரும் புண்களைப் பற்றி அதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று எடைபோடுகிற கட்டுரை. அதில் ஒரு நீளமான அறிக்கையைப் பதினைந்தாம் குறிப்பில் சுட்டிவிட்டு, அடுத்த பத்தியில் இப்படி எழுதியிருந்தார்: 'ஓர் ஆய்வாளர் ஒரு வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததாகத் தெரியவில்லை. கேள்வித்தாள்களைத் தம் மேஜையில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறார் என்று கருத இடமிருக்கிறது.' அதற்குப் பதினாறாம் குறிப்பு. அவர் தட்டச்சுப் பிரதியில் அந்த அறிக்கையை எழுதியவர் பெயர், தலைப்பு, பக்கம் 64 என்று எல்லாவற்றையும் முழுசாகக் கொடுத்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அதே நூல்தானே, எதற்கு இரண்டு தடவை என்று பேனாவை எடுத்து, பெயரையும் தலைப்பையும் அடித்து, 'மேற்படி, பக். 64' என்று ஆக்கினேன். ஒன்றரை வரி மிச்சம் பிடித்ததில் எனக்கு மகா திருப்தி.

அச்சகத்தில் பக்கம் கட்டி, பிழை பார்க்க மெய்ப்பும் வந்துவிட்டது. அப்போது புனாவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'பதினைந்தாம் குறிப்புக்கு அடுத்து இதையும் சேர்க்கவும். தாராவி பற்றி வந்தவற்றில் இதுவே ஆகச் சிறந்தது. என் கண்ணில் தாமதமாகப் பட்டது' என்று பெரியவர் எழுதி, வேறொரு இதழில் வந்த கட்டுரையின் விவரத்தைக் கொடுத்திருந்தார். எழுதியவர் பெயர் எஸ்தர். பெயருக்கு முன்னால் போட்டிருந்தது திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர்.

அந்தக் கட்டத்தில் எதையும் சேர்ப்பதில்லை என்று மறுத்திருக்கலாம். மறுப்பதுதான் வழக்கம். ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் நம் இதழில் வருகிறதே என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். நானே அச்சகத்துக்குப் போய், எழுத்துக் கோர்ப்பவர் பக்கத்தில் நின்று, கெஞ்சிக் கூத்தாடி அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். எஸ்தரின் கட்டுரை பதினாறாம் குறிப்பானது. பழைய பதினாறு பதினேழானது. அதற்குக் கீழே இருந்த அத்தனை எண்களையும் ஒன்றுவிடாமல் மாற்றினேன். மேற்படியை மாற்றவில்லை.

நான் செய்தது புரிகிறதா? சீட்டு வருகிறவரை அந்த 'மேற்படி' அறிக்கை எழுதியவரைக் காட்டிக்கொண்டிருந்தது. சேர்த்த பிறகு அது எஸ்தரைக் காட்டியது. பெரியவர் யாரைப் புகழ நினைத்தாரோ அவர் தலையிலேயே மோசடிப் பழியைக் கட்டி, ஊரெல்லாம் அனுப்பிவைத்துவிட்டேன்.

இதழ் வெளியாகி மூன்று வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம், மடித்த குடையும் கையில் எங்கள் இதழுமாக ஒரு பெண் வந்து என் மேஜை முன்னால் நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"நீங்க தமிழா சார்?"

"ஆமாம்மா. உக்காருங்கோ."

"உக்கார வரல. இதுல பதினேழாம் நம்பர் போட்டிருக்கியளே, அது யாரு?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். "மேற்படின்னு இருக்கு. அப்படின்னா மேலே இருக்கற பதினாறு. எஸ்தர்னு ஒருத்தர்."

"அந்த எஸ்தர் நாந்தான்."

எனக்கு வாயெல்லாம் பல். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன்! "ரொம்ப சந்தோஷம்மா, உங்க பேரை நானே அச்சாபீஸ் போய்..." என்று ஆரம்பித்தேன். அவர் பக்கத்தின் நடுவில் விரலை வைத்தார். அந்த விரலுக்கு மேலே இருந்த வாக்கியத்தைப் படித்தேன். பிறகு அடியில் இருந்த எண்ணைப் படித்தேன். மறுபடி வாக்கியத்தைப் படித்தேன்.

"நான் பொறந்ததே தாராவியிலதான் சார்" என்றார் எஸ்தர். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எங்க அப்பா சுண்ணாம்புத் தொட்டியில நின்னு தோலு எடுக்காரு. அவரு காலுல இருக்க புண்ணப் பாத்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். நான் ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்கலையா?"

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். நான் அதுவரை போனதில்லை. அவர் பிறந்த இடத்தில் அவரே கால் வைக்கவில்லை என்று அச்சடித்து அனுப்பியவன் நான்.

"செம்பூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல தற்காலிகமாத்தான் வேல பாக்கேன். வெள்ளிக்கிழம காலையில கமிட்டி. நிரந்தரம் பண்ணவா, வெளிய அனுப்பவான்னு முடிவு பண்ணுதாங்க. எங்க துறைத் தலைவர் இந்தப் பக்கத்துல செவப்புப் பென்சில்ல கோடு போட்டு என் ஃபைல்ல சொருகிட்டாரு."

"நீங்க தாராவியிலேயே இருக்கறவர்னு அவாளுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதையே திருப்பிச் சொல்லுதாரு. அங்கேயே கெடக்கவ எதுக்கு வீடு வீடாப் போவா, இருந்த எடத்துல நெரப்பியிருப்பான்னு."

எஸ்தர் விரலைப் பக்கத்தின் அடிக்கு நகர்த்தினார்.

"என் கட்டுரை எரநூத்திப் பதினொண்ணுல தொடங்கி எரநூத்தி இருவத்திரண்டுல முடியுது. நீங்களே மேல போட்டிருக்கிய. அதுல அறுவத்திநாலாம் பக்கம் எங்க சார் இருக்கு?"

பதினாறாம் குறிப்பில் 211 முதல் 222 வரை. அதற்கு அடுத்த வரியில் மேற்படி, பக்கம் 64. ஒன்றன் கீழ் ஒன்றாக, என் கண் முன்னால். மெய்ப்பில் மூன்று தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காற்புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. இருக்கவே முடியாத ஒரு பக்கம் அங்கே நிற்பதை நான் பார்க்கவில்லை. ஆசிரியர் பார்க்கவில்லை. புனாப் பெரியவர் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சில் போட்டவர்கள் செம்பூரில் உட்கார்ந்து அதை வைத்து ஓர் ஆளின் தலையெழுத்தை முடிவு செய்யத் தயாராக இருந்தார்கள், அவர்களும் பார்க்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அலமாரியிலிருந்து தட்டச்சுப் பிரதியை எடுத்தேன். நான் அடித்த கோட்டுக்குக் கீழே, அறிக்கை எழுதியவரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அது முன்பின் கேட்டறியாத பெயர். தாளை எஸ்தர் பக்கம் திருப்பினேன். படித்தவர், அதுவரை நின்றுகொண்டிருந்தவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இவருதான் சார் எங்க துறைத் தலைவர்."

நான் எதையோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று நினைவில்லை. எஸ்தர் சொன்ன பதில் மட்டும் நினைவிருக்கிறது. "மத்தவனுக்குத் தெரியாம இருக்கலாம். எழுதுனவனுக்குத் தன் புஸ்தகத்து அறுவத்திநாலாம் பக்கம் தெரியாமலா இருக்கும்?"

அவரை உட்காரச் சொல்லிவிட்டு நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பு நடந்திருக்கிறது, அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டுவிடலாம் என்றார். அடுத்த இதழ் வர இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கமிட்டி என்றேன். அது அவர்கள் நிர்வாகம், நாம் தலையிடக்கூடாது, இதழின் தாளில் கடிதம் எழுதிக்கொடுத்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றார். கடைசியில், "ஜானே தோ", போகட்டும் விடு என்று கையை அசைத்தார். கெட்டவர் இல்லை அவர். இதழின் பெயரை நாற்பது வயதில் பிறந்த பிள்ளை மாதிரி காப்பாற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்படி ஒரு நாள் வரும். மேலே இருப்பவர் பொறு என்பார், கீழே ஒருவருடைய நாள் முடிந்துகொண்டிருக்கும். அன்றைக்கு நான் பெரிய வீரனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் பேனாவால் அடித்த கோடு அது. இதழின் தாளில் எழுதக்கூடாது என்றுதானே ஆசிரியர் சொன்னார்? வெள்ளைத் தாளில் என் சொந்தப் பெயரில் எழுதினேன். 'தவறு முழுவதும் என்னுடையது' என்று முதல் வரியிலேயே போட்டேன். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, தட்டச்சுப் பிரதியின் அந்த ஒரு தாளையும் புனாவின் துண்டுச் சீட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போய்ச் சேர்ந்தேன்.

எஸ்தர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பியூனிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவராக ஒரு வயதான டாக்டர், அவருக்கு வலப்பக்கம் துறைத் தலைவர். மேஜை மேல் எங்கள் இதழ், அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு. நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

டாக்டர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இந்த 64 யாருடையது?" என்றார்.

அந்த மனிதர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னால் பெயரைச் சொல்ல முடியவில்லை. தாளை நீட்டினேன். டாக்டர் படித்தார். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார்.

துறைத் தலைவர் முகம் வெளுக்கும், கத்துவார், எழுந்து போவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் அசையவில்லை. "ஆமாம், என் அறிக்கைதான்" என்றார். "இதழ் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிந்துமா இதை ஃபைலில் வைத்தீர்கள்?"

"அச்சில் அவர் பெயர்தானே இருந்தது?" என்று சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு பெரிய இதழ். சரிபார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்பினேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள். பொய்யை நான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். அவர் அதன் கீழே கோடு மட்டும்தான் போட்டார்.

டாக்டர் துண்டுச் சீட்டை எடுத்து, 'இதுவே ஆகச் சிறந்தது' என்ற வரியை வாய்விட்டுப் படித்தார். இதழை மூடினார். எஸ்தரின் ஃபைலைத் திறந்து, நிரந்தரம் செய்யலாம் என்று எழுதி நகர்த்தினார். முதலில் எடுத்துக் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? துறைத் தலைவர்தான்! போட்டுவிட்டுப் பேனாவை மூடி, "சிரமப்பட்டு வந்ததற்கு நன்றி" என்று எனக்குக் கையும் கொடுத்தார். நானும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் ஏன் கொடுத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கேள்வி கூட இல்லை. திகைத்துப்போய் வெளியே வந்தேன்.

எஸ்தரிடம் சொன்னதும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வாசல் பக்கம் இருந்த இரானிக் கடையில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுகிறேன், அவர் பெயர், அறிக்கையின் பெயர், பக்கம் எல்லாம் பெரிய எழுத்தில் போடுகிறேன், நாலு பேருக்குத் தெரியட்டும் என்று குதித்தேன்.

"போடாதிய சார்."

"ஏம்மா? உங்களை அப்படிப் பண்ணினவர்..."

"நாளைக்கு நான் அவருகிட்டதான் சார் வேல பாக்கணும். நிரந்தரம்னா அதான?"

நான் அடங்கினேன். எஸ்தர் மேல் விழுந்த பழியை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் அது போய் விழ வேண்டிய இடத்தில் விழும், விழுந்தால் அவர் எஸ்தரை விடமாட்டார். திருத்தம் போடாமலிருந்தாலோ, நூலகங்களில் எஸ்தர் பெயர் என்றைக்கும் அப்படியே கிடக்கும். பையிலிருந்து தாளை எடுத்தேன். இரண்டு மூன்று விதமாக எழுதி அடித்தேன். கடைசியில் ஒரே வாக்கியம் நின்றது: 'சென்ற இதழில், பதினேழாம் அடிக்குறிப்பில் உள்ள மேற்படி என்னும் சொல் பதினைந்தாம் குறிப்பைச் சுட்டுவதாகக் கொள்ளவும்.' பெயர் எதுவும் இல்லை. முழு உண்மையும் அதில் இருந்தது. பழைய இதழை எடுத்து, பக்கத்தைத் தேடி, பதினைந்தைப் பார்க்கிறவனுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

எஸ்தர் இரண்டு தடவை படித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இத வாசிச்சிட்டு யாராவது அந்தப் பழைய இதழ எடுத்துப் பொரட்டிப் பாப்பாங்களா சார்?"

அவர் பயப்படுகிறார் என்று நினைத்து, "யாரும் பாக்கமாட்டா, கவலப்படாதீங்கோ" என்றேன்.

எஸ்தர் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஆமா. எம் பேரு இருந்தப்பவும் ஒருத்தரும் பொரட்டிப் பாக்கலல்லா."